சுரப்பிக் கோளாறா, மாத்திரையின் கைவரிசையா?

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். வெறும் 0.05, தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 கூடுதல் என்று ரிப்போர்ட். படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு எதுவுமே எனக்கு இல்லையே?

முடி கொட்டுவதற்கு மாத்திரை எடுக்கிறீர்களா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) 10 மி.கி. என்று இருந்தால் சந்தேகம் அதன் மேல்தான். உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 மைக்ரோகிராம் போதும். நீங்கள் விழுங்குவது அதைப்போல 250 மடங்குக்குக் குறையாது. பல லேப் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்வதை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. மாத்திரையில் வந்த பயோட்டின் ஸ்ட்ரெப்டாவிடினில் முந்திக்கொண்டு போய் ஒட்டிவிட்டால், கருவி டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். அச்சு அசல் தைராய்டு மிகைச்சுரப்பு மாதிரியே! எல்லாக் கருவியிலும் இப்படி ஆகாது. குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதே எண் வந்தால் ஆன்டிபாடி, ஸ்கேன் பற்றி டாக்டரிடம் பேசலாம்.

மாதவிலக்கு தள்ளிப்போகிறது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 78, அதிகமாம். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா?

முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். அடுத்து டி.எஸ்.எச். பாருங்கள், தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும். அசிடிட்டிக்குப் போடும் கேப்ஸ்யூலில் டொம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கிறதா? நம் ஊரில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி இதுதான். 3 நாள் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். மனநல மாத்திரையும் புரோலாக்டினை ஏற்றும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. அப்புறமும் இறங்காவிட்டால் மேக்ரோபுரோலாக்டின் (பெரும்பாலும் தொல்லை தராத பெரிய வடிவப் புரோலாக்டின்) பரிசோதனை, கடைசியில்தான் எம்.ஆர்.ஐ.

மாலை 4 மணிக்கு எடுத்த கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) 5. அட்ரினல் பழுதா?

கார்டிசால் காலையில் ஏறி மாலையில் இறங்கும், அந்த நேரத்தில் 5 வருவது சகஜம். காலை 8 மணிக்கு எடுங்கள். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை பற்றி யோசிக்க வேண்டும். 18க்கு மேல் என்றால் கவலை இல்லை. இடைப்பட்டால் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி போட்டு அட்ரினலைத் தூண்டிப் பார்ப்பார்கள். மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். டெஸ்டுக்காகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

டெஸ்ட் அன்று தைராய்டு மாத்திரை போடலாமா?

டி.எஸ்.எச். மட்டும் என்றால் போடலாம். ஃப்ரீ டி4ம் உண்டு என்றால் ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 ஏறியே நிற்கும். டோஸ் மாற்றியிருந்தால் 6 முதல் 8 வாரம் பொறுங்கள். இரண்டே வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து டோஸைக் கூட்டினால் அடுத்த முறை டி.எஸ்.எச். அடிமட்டத்துக்குப் போய்விடும்.