எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும்

அன்புள்ள ஐயா,

பண்ணைக்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக லயன்ஸ் சங்கத்தில் உறுப்பினர். கூட்டம், சந்தா, சால்வை, பதவியேற்பு விழா என்றே போகிறது. இப்போது சர்வதேச நிதிக்குப் பணம் அனுப்பச் சொல்கிறார்கள். நம் கொடைக்கானல் மலையில் பளியர் பழங்குடி மக்களின் வீடுகளில் கூரை ஒழுகும்போது எங்கேயோ இருக்கும் நாட்டுக்கு ஏன் அனுப்ப வேண்டும்? விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் டிரங்குப் பெட்டியில் என் அத்தையின் கறுப்புக் கண்ணாடி கிடைத்தது. ஒரு பக்கக் காது உடைந்து, நூல் சுற்றியிருந்தது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சால்வை விஷயத்தை விடுங்கள். கோயில் கமிட்டியிலும் அதுதான் நடக்கிறது.

ஆனால் ‘எங்கேயோ இருக்கும் நாடு’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் சங்கம் 1917-ல் சிகாகோவில் தொடங்கியது. 1925-ல் ஒஹாயோவில் நடந்த மாநாட்டில், கண்ணும் தெரியாத காதும் கேட்காத ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டார். அன்று பிடித்த கண் வேலையை இன்னும் விடவில்லை. நீங்கள் பணம் அனுப்பத் தயங்கும் அந்த அறக்கட்டளை 1968-ல் வந்தது. அப்புறம் கண் பார்வைக்கென்றே உலகம் முழுக்கப் பணம் திரட்டினார்கள். அதில் ஒரு பங்கு எங்கே வந்தது தெரியுமா? மதுரைக்கு. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையில், 1992-ல் லயன்ஸ் உதவியோடு ஒரு பயிற்சி நிறுவனம் எழுந்தது. முகாம் நடத்துவது எப்படி, குறைந்த செலவில் நிறைய அறுவை செய்வது எப்படி என்று மற்ற நாட்டு மருத்துவமனைக்காரர்கள் அங்கே வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். சந்தா கட்டிய ஏதோ ஒரு தேசத்து மளிகைக் கடைக்காரர், “என் தெருவில் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது, மதுரை எங்கே இருக்கிறதோ” என்று கேட்டிருந்தால்? தம்பி, அவருக்கு நீங்கள்தான் ‘எங்கேயோ’.

அத்தைக்குப் பூம்பாறை. தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு கண்ணிலும் புரை. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பூண்டைக் கையால் தடவியே பெரிசு, சிறிசு, சொத்தை என்று மூன்று கூடையாகப் பிரித்துவிடுவார். அந்த வேலை தடைபடாததால் கண் போனது வெளியே வரவில்லை. ஒருநாள் வெந்நீர் என்று நினைத்துக் கொதிக்கிற குழம்பில் கையை விட்டபோதுதான் விழித்துக்கொண்டோம்.

அதற்கு முன்பே எங்கள் பக்கம் ஒரு முகாம் நடந்திருந்தது. எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். பேனர் கட்டினார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ‘மதுரைக்குப் போங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மலையை விட்டுக் கீழே இறங்கியே அறியாத கிழவி, சீட்டை வைத்துக்கொண்டு எந்த பஸ் ஏறுவாள்? அது அரிசிப் பானையில் கிடந்தது.

அடுத்த முகாமுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரர். வேனில் பதினோரு கிழங்களோடு அவரும் ஏறினார். மடியில் ஒரு பையில் எலுமிச்சம்பழம், இன்னொன்றில் பாலிதீன் கவர். வத்தலக்குண்டு சேருவதற்குள் ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தர் வாந்தி. அவர் முகம் சுளிக்காமல் கவரை நீட்டினார், முடிச்சுப் போட்டார், பழத்தை முகரக் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சொந்த அத்தைதான்.

கட்டுப் பிரித்ததும் அத்தை அழவில்லை. என்னைப் பார்த்து, “ஏன்டா இப்படி நரைச்சுப்போச்சு, ஒருத்தரும் சொல்லலையே” என்றார். வீடு திரும்பியதும் அடுப்படிக் கரியைப் பார்த்து மருமகளைப் பிடித்துக்கொண்டது தனிக் கதை.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மருந்துக்கடைக்காரர் பஸ் ஏறிப் பூம்பாறைக்கே வந்தார். சொட்டு மருந்து குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பாதிகூடக் குறையவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடச் சொன்னார்கள், யார் போடுகிறீர்கள் என்று எங்களை நிற்க வைத்துக் கேட்டார். ஒருத்தரிடமும் பதில் இல்லை. “அவங்க ஆபரேஷன் பண்ணிட்டாங்க, நீங்க கெடுக்கப் பாக்குறீங்களா?” என்று ஒரு சத்தம். என் தங்கை மகள்தான் அதற்கப்புறம் மணி பார்த்துப் போட்டாள். அவர் ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கும் கூட வந்தார். அந்தத் தடவை போட்டோக்காரர் இல்லை, வேன் இல்லை, லைன் பஸ்தான்.

பளியர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, உண்மை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியதாலா ஒழுகுகிறது? போன மழைக்கு முன் எத்தனை வீட்டுக்குத் தார்ப்பாய் வேண்டும் என்று நடந்து போய் எண்ணினீர்களா? உங்கள் கடையில் சாமான் வாங்க வருகிறவர்களைக் கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவன்தான் இதைக் கேட்கிறேன்.

விலகலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். அதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் சங்கத்தின் அடுத்த கண் முகாம் என்றைக்கு என்று முதலில் எழுதுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சுவரைத் தடவித்தான் டீக்கடைக்குப் போகிறார். பஸ்ஸில் கூட உட்கார ஆள் வேண்டும்.

அன்புடன்,
நான்