அரைமண்டிக்கு ஆசனம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மகளுக்கு 14 வயது. ஏழு வருடமாகப் பரதம் கற்கிறாள். அரைமண்டியில் (பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முட்டி மடக்கிப் பாதி உட்காரும் நிலை) உட்கார்ந்தாலே முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது என்கிறாள். தினமும் பத்த கோணாசனம் (உட்கார்ந்து உள்ளங்கால்களைச் சேர்த்து, முட்டிகளைப் பக்கவாட்டில் விரிப்பது) செய்தால் இடுப்பு இளகி வலி போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அவளுக்கு இப்போது வேண்டியது இளக்கம் அல்ல, பலம். அரைமண்டியில் பாதம் எவ்வளவு வெளிப்பக்கம் திரும்பலாம் என்பதை இடுப்பு மூட்டுதான் முடிவுசெய்ய வேண்டும். அதற்கு மேல் இழுத்துப் பாதங்களை நேர்கோட்டில் வைத்தால், மீதி முறுக்கு முட்டியின் மேலும் கணுக்காலின் மேலும் விழும்.

எவ்வளவு திரும்புகிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். ஒரு முட்டியை மட்டும் 90 டிகிரி மடக்கினால் உள்ளங்கால் கூரையைப் பார்க்கும். இடுப்பு தரையை விட்டு எழாமல், அந்தக் கீழ்க்காலை மற்றக் கால் பக்கமாகச் சாயவிடுங்கள். செங்குத்திலிருந்து அது எத்தனை டிகிரி சாய்கிறதோ, அதுதான் இடுப்பு தரும் திருப்பம். பலருக்கு 40, 45 டிகிரி வரும். இரண்டு காலும் சேர்ந்து 90 டிகிரி என்றால், 180 டிகிரிக்கு மீதி எங்கிருந்து வரும்?

இன்னொரு வழி. சாக்ஸ் போட்டு மொசைக் தரையில் குதிகால்கள் ஒட்ட, முட்டி நேராக நிற்கட்டும். தொடையை மட்டும் திருப்பி, பாதம் வழுக்கிக்கொண்டு போகும்வரை போகட்டும். தரை பிடித்துக்கொள்ளாததால் இங்கே பாதத்தை ஏமாற்றித் திருப்ப முடியாது. அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு மாதத்துக்கு அந்தக் கோணத்திலேயே அரைமண்டி. உட்காரும்போது முட்டிச்சில்லு இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பாதத்தின் உள்வளைவு தரையில் படியக்கூடாது. ஆசிரியரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கிளாஸில் ‘இன்னும் திருப்பு’ என்பார்கள்.

யோகாவில் அவளுக்கு மூன்று போதும். முதலாவது சேதுபந்தாசனம்: மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, பாதங்கள் இடுப்பளவு அகலத்தில் இணையாக, முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை, மூச்சை விட்டபடி இடுப்பைத் தூக்கி ஐந்து மூச்சு நிற்க வேண்டும், ஆறு முறை. இரண்டாவது உத்கடாசனம்: சுவரில் முதுகு சாய்த்து, பாதங்கள் நேராக முன்பார்த்து, வலி வராத ஆழத்தில் 20 விநாடி, நான்கு முறை. மூன்றாவதாக, ஒருக்களித்துப் படுத்து முட்டிகளை மடக்கி, குதிகால்கள் ஒட்டியபடியே மேல் முட்டியை மட்டும் மெதுவாகத் தூக்கி இறக்குவது, பக்கத்துக்கு 12. இது ஆசனமில்லை, ஆனால் தொடையைத் திருப்பிப் பிடிக்கும் பின்புறத் தசைகளுக்கு இதைவிட நேரடியான பயிற்சி வேறில்லை. வாரத்தில் நான்கு நாள் செய்யட்டும்.

பத்த கோணாசனம் செய்தாலும் குற்றமில்லை. ஆனால் முட்டிகளை யாராவது அழுத்துவதும், தொடைமேல் ஏறி நிற்பதும் கூடாது. இன்னும் சில வகுப்புகளில் நடக்கிற பழக்கம் இது. தொடையிடுக்குத் தசை கிழிய இது ஒன்றே போதும்.

வலி சில்லுக்குக் கீழே, எலும்பு சற்றுப் புடைத்திருக்கும் இடத்தில் இருந்தால் விஷயம் வேறு. வளரும் வயதில் தசைநாண் எலும்பை இழுப்பதால் வருவது அது. முழுமண்டி (முழுவதும் உட்காரும் நிலை), குதித்துமெட்டு (குதித்துக் குதிகால் தட்டும் அடவு) இரண்டையும் சில வாரம் குறைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கிளாஸுக்கு முன் அரை மணி நேரம் ஸ்ட்ரெட்ச் செய்கிறோம். அப்படியும் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்கிறது. ஏன்?
– மாணவி, அடையாறு

பதில்: வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து நிறுத்தினால், அதன்பின் சிறிது நேரம் தசையின் வேகமும் விசையும் குறைந்திருக்கும். அந்த நிலையில் மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாக, அடவு (நடனத்தின் அடிப்படை அசைவு) செய்தால் பிடிக்கத்தான் செய்யும்.

கிளாஸுக்கு முன் பத்து நிமிடம், எல்லாமே அசைவாக: இரண்டு நிமிடம் இடத்திலேயே நடை, மூச்சோடு இணைந்து கைதூக்கும் தாடாசனம் ஆறு முறை, தவழும் நிலையில் முதுகை வளைத்து நிமிர்த்துவது ஆறு முறை, கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் குதிகால்களை மாற்றி மாற்றி அழுத்துவது பத்து முறை, கடைசியாகத் தட்டடவு (பாதம் தூக்கித் தரையில் தட்டுவது), முதல் காலத்தில், அதாவது மெதுவாக, பாதி உயரத்தில். நீண்ட இழுப்பெல்லாம் கிளாஸ் முடிந்த பிறகு, உடம்பு சூடாக இருக்கும்போது. மல்லாந்து படுத்து ஒரு காலைத் துண்டால் பிடித்து உயர்த்தும் சுப்த பாதாங்குஷ்டாசனம் பக்கத்துக்கு 30 விநாடி, இரண்டு முறை. பிறகு பாதங்களைப் பாய் அளவுக்கு அகற்றி வைத்து, முட்டிகளை ஒவ்வொன்றாக உள்பக்கம் சாயவிடுங்கள். வகுப்பு முழுக்க வெளிப்பக்கம் திரும்பியிருந்த தொடை எதிர்ப்பக்கம் போய்வர வேண்டும். எளியதுதான், ஆனால் நடனக்காரர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: எங்கள் கிளாஸ் டைல்ஸ் தரையில். கீழ்க்காலில் உள்பக்க எலும்பு ஓரமாக வலி. ஆசனத்தால் தீருமா?
– வாசகி, கே.கே. நகர்

பதில்: தரையையும் பார்க்காமல் ஆசனத்தை மட்டும் நம்பாதீர்கள். கான்கிரீட்மேல் ஒட்டிய டைல்ஸ், கால் தட்டும்போது வரும் அதிர்ச்சியைக் கொஞ்சமும் வாங்காது. மொத்தத்தையும் கீழ்க்கால் வாங்குகிறது. அடியில் காற்றிடைவெளி விட்ட மரத்தரை சிறந்தது. அது வாய்க்காதபோது, தரையோடு ஒட்டிய மெல்லிய ரப்பர் விரிப்பு. தடித்த மெத்தை விரிப்பில் பாதம் புதைந்து கணுக்கால் பிசகும். ஜமக்காளம் வழுக்கும்.

கெண்டைக்கால் பலத்தையும் கூட்டுங்கள். அரைமண்டியில் முட்டி மடங்கியிருப்பதால், உள்ளே இருக்கும் சோலியஸ் தசைதான் அதிகம் உழைக்கிறது. ஆகவே சுவரைப் பிடித்து, முட்டியைச் சற்று மடக்கியே வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலை மூன்று எண்ணிக்கையில் தூக்கி மூன்றில் இறக்குங்கள். எட்டில் தொடங்கி மெல்லக் கூட்டி 20 வரை. ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனமும் நல்லது, ஆனால் பாதத்தை முட்டியின் பக்கவாட்டில் அழுத்தாமல் அதற்கு மேலோ கீழோ வையுங்கள். தட்டு எண்ணிக்கையை இரண்டு வாரம் பாதியாக்குங்கள்.

எலும்போரம் நெடுக நீவும்போது வலித்தால் இது போதும். ஒரு விரல் அகல இடத்தில் மட்டும் குத்தி, ஒற்றைக்காலில் குதித்தால் கூர்மையாகி, இரவிலும் வலித்தால் விரிசலாக இருக்கலாம். அப்போது நடனத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே சுத்தம்’ என்ற சொல்லோடு திரும்பிவிடாமல் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். பெண்களுக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு நின்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எலும்பின் பலத்தோடு நேரடித் தொடர்புள்ள செய்தி அது.

கேள்வி: ஒன்பது வயது மகள் ரப்பர் மாதிரி வளைகிறாள். யோகாவும் சேர்த்தால் இன்னும் நன்றாக வருவாள் அல்லவா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வளைவை இனிக் கூட்ட வேண்டாம். கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முட்டியும் நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைகின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் மூட்டுகளின் தசைநார்களே தளர்வானவை; அடிக்கடி பிசகும் வாய்ப்பு உண்டு. சக்கராசனம் வேண்டாம். வீரபத்ராசனம், அர்த்த சலபாசனம் (குப்புறப் படுத்து ஒரு காலை உயர்த்துவது), பலகைபோல் நிற்கும் பயிற்சி, இவற்றில் எல்லை வரை போகாமல் சற்று முன்பே நிறுத்தப் பழகட்டும். நிற்கும்போது முட்டியைப் பின்னால் பூட்டாமல் இருப்பதே அவளுக்குப் பெரிய பாடம்.

கேள்வி: ஓஎம்ஆரில் ஐடி வேலை, மாலையில் நடனம், அதிகாலை ஐந்தரைக்கு யோகா. இடுப்புக்கு மேல் முதுகு வலி.
– 26 வயது வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீர் கோத்து ஊதியிருக்கும். எழுந்த முதல் மணி நேரத்தில் ஆழமாக முன்குனிவது அவற்றுக்குச் சுமை. உத்தானாசனத்தையும் பச்சிமோத்தானாசனத்தையும் மாலைக்குத் தள்ளுங்கள். காலையில் சலபாசனம், சேதுபந்தாசனம் போதும்.

நடனத்தில் தவறு எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் அரைமண்டியில் பின்புறத்தைத் துருத்தி இடுப்பை வளைப்பதுதான். மூச்சை விடும்போது அடிவயிற்றை உள்ளிழுத்து, வால் எலும்பு தரையைப் பார்க்கும்படி உட்காருங்கள். தீர்மானத்தில் (வேகமான அடவுக் கோவை) மூச்சை அடக்குகிறீர்களா என்று அறிய, சொற்கட்டை (தாளச் சொற்களை) வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடிப் பாருங்கள். சொல் நின்றால் மூச்சும் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு பின்வளைவுக்கும் பிறகு முட்டிகளை மார்போடு அணைத்து ஆறு மூச்சு. யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் இதைப் பிரதிக்ரியை, அதாவது எதிர் அசைவு, என்பார்கள். 1976ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தின் வழி இங்கே பரவிய இந்த ஒழுங்கைப் பல வகுப்புகள் அவசரத்தில் விட்டுவிடுகின்றன. ஒற்றைக்காலில் நின்று பின்னால் சாயும்போது வலி கூடி, இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மார்கழிக் கச்சேரி நாளில் யோகா?
– வாசகி, தி. நகர்

பதில்: புதிதாக எதுவும் வேண்டாம். ஏசி மேடையில் உடம்பு சீக்கிரம் ஆறிவிடும். ஒப்பனை முடிந்து காத்திருக்கும்போது சாக்ஸ், மேலே ஒரு சால்வை. மேலே சொன்ன பத்து நிமிட அசைவுகளைப் புடவை மடிப்பு கலையாத அளவில் செய்து, சலங்கை கட்டியபின் ஒரு முறை இரண்டாம் காலத்தில் தட்டுங்கள். வீடு திரும்பியதும் கால்களைச் சுவரில் சாய்த்து விபரீதகரணி ஐந்து நிமிடம். மறுநாளும் கச்சேரி இருந்தால் காலையில் தட்டு வேண்டாம், கையும் முகமும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.