கம்பைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறதா?

தம்பி, சிலம்பப் போட்டிக்கு 12 நாள்தான் இருக்கிறது, தினமும் மூன்று மணி நேரம் பயிற்சி செய்து கை கனக்கிறது, கம்பைப் பார்த்தாலே வெறுப்பு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இது சோம்பேறித்தனமே இல்லை. உடம்பு ஓய்வு கேட்கிறது.

முதல் இரண்டு நாள் கம்பைத் தொடாதீர்கள், நன்றாகத் தூங்குங்கள். அப்புறம் பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள். வேகத்தை மட்டும் குறைக்காதீர்கள். தொடுமுறையில், அதாவது எதிராளியைக் கம்பால் தொடும் ஆட்டத்தில், நாலைந்து சுற்று, முழு வேகத்தில், நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு. கற்றது இரண்டு வாரத்தில் எங்கும் போய்விடாது, களைப்புதான் இறங்கும்.

காலையில் எழுந்ததும் நாடியை எண்ணிப் பாருங்கள். சில நாளாக வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்தால் இன்னும் ஓய்வு தேவை. எடைப் பிரிவுக்காகச் சாப்பாட்டைக் குறைத்திருந்தால், அதுவும் ஒரு காரணம்தான். ஆசானிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தம்பி.