தலைக்காயம் ஆறிய பிறகு: வீட்டார் கேட்டதும் என் பதிலும்

நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குகிறவராக, வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர்கள். உயிர் பிழைத்தது வரை எல்லோரும் கூட இருப்பார்கள். வீடு திரும்பிய பிறகு வரும் கஷ்டத்தைக் கேட்கத்தான் ஆள் இருக்காது. அதனால் அந்தக் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை அளவு கேட்டவர்கள் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

விபத்து நடந்து ஏழு மாதம் ஆகிறது மேடம். கணவர் நடக்கிறார், பேசுகிறார். ஆனால் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தூக்கி வீசுகிறார். முன்னால் அதிர்ந்துகூடப் பேசமாட்டார். குணமே மாறிவிட்டதா? (திண்டுக்கல்)

இது குணம் இல்லை அம்மா, காயம். வேகமாக மோதும்போது மூளையின் முன்பகுதி, மண்டையோட்டுக்குள் இருக்கும் கரடுமுரடான எலும்பில் உராய்கிறது. கோபம் வந்தாலும் கையை ஓங்கவிடாமல் தடுப்பது அந்த முன்பகுதிதான். அது அடிபட்டால் கோபத்துக்கு பிரேக் பிடிக்காது. தான் மாறியிருப்பதே பலருக்குத் தெரியாது. அதுவும் காயத்தின் விளைவுதான், நடிப்பு என்று நினைக்காதீர்கள்.

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குக் கோபம் வந்தது, அதற்குச் சற்று முன் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் எழுதிப் பார்த்தபோது, பெரும்பாலும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் கோபம் வந்திருந்தது. டிவி ஓடும், குக்கர் விசிலடிக்கும், பிள்ளை சத்தமாகப் பாடம் படிக்கும். களைத்துப்போன மூளைக்கு இத்தனை சத்தம் தாங்கவில்லை. மதியம் கொஞ்சம் தூங்கவைத்து, ராத்திரி சாப்பாட்டை முன்னதாக வைத்து, சாப்பிடும்போது டிவியை நிறுத்தினார்கள். கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது.

கோபத்தில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள். தள்ளிப் போய்விட்டு, அடங்கிய பிறகு பேசுங்கள். கை நீட்டினால் பிள்ளைகளோடு உடனே வெளியே வந்துவிடுங்கள். காயம்தான் காரணம் என்பதற்காக நீங்கள் அடி வாங்க வேண்டியதில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்கு மருந்து உண்டு. இன்னொன்று: வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கும் லெவட்டிராசிட்டம் மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். அவர் அதைச் சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்துவிடும்.

ஆறு மாதத்தில் வருவதுதான் வரும் என்கிறார்களே? மகனுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. சேர்க்கும்போது கோமா ஸ்கோர் 6. (திருநெல்வேலி)

முதல் ஆறு மாதம் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அவ்வளவுதான் ஐயா. அதற்கப்புறம் வேகம் குறையும், நின்றுவிடாது. கடுமையாக அடிபட்டவர்கள் இரண்டாவது வருடத்திலும், அதற்குப் பிறகும் தேறிவருகிறார்கள். நீங்கள் சொல்வது, அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க கிளாஸ்கோ நகரில் 1974-ல் உருவான அளவுகோல், 3 முதல் 15 வரை போகும். 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். அன்றைக்கு அடி எவ்வளவு பலம் என்று அது சொல்லும். உங்கள் மகன் எப்படி வாழ்வான் என்பதை அந்த ஒரு எண்ணை வைத்து முடிவுகட்ட முடியாது. “பழையபடி எப்போது ஆவான்” என்று கேட்பதை விட்டு, போன மாதம் முடியாத எது இந்த மாதம் முடிகிறது என்று பாருங்கள். சட்டைப் பித்தான் போடுவது, கடையில் சில்லறை எண்ணி வாங்குவது எல்லாம் கணக்கில் வரும். பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அக்கா, கீழே விழுந்து ரெண்டு நிமிஷம் நினைவில்லை. சி.டி. நார்மல். மூணு வாரமாகத் தலைவலி, படித்தால் மண்டையில் ஏறவில்லை. வீட்டில் சாக்கு சொல்கிறேன் என்கிறார்கள். (கோவை, கல்லூரி மாணவர்)

சாக்கு இல்லை தம்பி. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நரம்பிழைகள் இழுபட்டிருந்தால் பெரும்பாலும் காட்டாது. இந்தப் பதிலை வீட்டில் காட்டு. பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும். நாள்கணக்கில் இருட்டறையில் படுத்தால் தேறுவது தள்ளிப்போகும். இருபது நிமிடம் படி, எழுந்து நட, மறுபடி உட்கார். கிரவுண்டுக்கு மட்டும் டாக்டர் சொல்லாமல் போகாதே, இன்னொரு அடி தாங்காது. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி, தூக்கக் கலக்கம், கை கால் பலவீனம் வந்தாலோ அன்றே எமர்ஜென்சிக்குப் போ.

விசேஷ நாளில் மட்டும் கொஞ்சம் தண்ணி போடலாமா?

வேண்டாம். அடிபட்ட மூளைக்கு முன்பைவிடச் சீக்கிரம் ஏறும், வலிப்பைக் கிளப்பும், மறுபடி கீழே தள்ளும்.

விபத்துக்கு அப்புறம் மல்லிகைப்பூ வாசம்கூடத் தெரியவில்லை. திரும்ப வருமா? (சென்னை)

மூக்கிலிருந்து போகும் மெல்லிய நரம்புகள், மண்டையோட்டின் அடியில் உள்ள சின்னச் சின்னத் துளைகள் வழியாக மூளைக்குள் நுழைகின்றன. தலை குலுங்கும்போது அங்கே அறுந்துவிடும். சிலருக்கு முதல் ஒரு வருடத்துக்குள் ஓரளவு திரும்புகிறது, பலருக்கு வருவதில்லை. அதனால் முதலில் அடுப்படியைப் பாருங்கள். கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது. சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள், கசிவு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கும் குழம்பு, மாவு எல்லாவற்றிலும் தேதி எழுதி ஒட்டுங்கள். உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியும். எலுமிச்சை, ஊறுகாய், மொறுமொறுப்பாக ஒரு அப்பளம் என்று சேர்த்தால் சாப்பிடப் பிடிக்கும். பூ வாசம் போனதற்கு அழுகை வந்தால் அழுங்கள். அது சின்ன இழப்பு இல்லை.

தம்பி பார்க்க நன்றாக இருக்கிறான், ஆனால் பில் போடும் வேலையில் தப்புத் தப்பாகச் செய்து வேலை போய்விட்டது. ஊனமுற்றோர் சான்று கிடைக்குமா? விபத்து வழக்கும் நடக்கிறது. (ஈரோடு)

2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 ஊன வகைகளில் தலைக்காயம் தனியாக இல்லை. கை கால் முடக்கம், பேச்சுக் குறைபாடு, மனநலப் பாதிப்பு என்று அதன் விளைவுகளை வைத்துத்தான் சான்று தருவார்கள். மருத்துவக் குழு முன்னால் ஐந்து நிமிடம் பேசினால் உங்கள் தம்பி நன்றாகவே பேசுவார், அதுதான் சிக்கல். அதனால் நரம்பியல் உளவியலாளரிடம் ஞாபகசக்தி, கவனம் இரண்டுக்கும் முழுச் சோதனை செய்து, ரிப்போர்ட்டோடு போங்கள். வழக்கில் ஊன சதவீதம் மட்டும் முக்கியம் இல்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அந்தக் காயத்தால் அவர் செய்துவந்த வேலையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும். பழைய முதலாளியிடம், முன்பு என்ன வேலை செய்தார், இப்போது எதில் தவறுகிறார் என்று ஒரு கடிதம் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். அவர் தப்பாகப் போட்ட பில் நகல்கள் கிடைத்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.