மாமா வீட்டை வாங்க பர்சனல் லோன் எதற்கு?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 39. கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,05,000 ரூபாய். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். என் தாய்மாமா 1984-ல் கட்டிய 1,000 சதுர அடி வீட்டை எனக்கே தருவதாகச் சொல்கிறார். மனைக்கு 55 லட்சம், கட்டடத்துக்கு 20 லட்சம், ஆக 75 லட்சம் என்பது அவர் சொல்லும் விலை. வங்கி 54 லட்சம் கொடுக்கிறது. சேமிப்பு 22 லட்சம் இருக்கிறது, நகையை வைத்து 6 லட்சம் புரட்டிவிடுவேன். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். வங்கி இன்ஜினீயரும் ஓகே சொல்லிவிட்டார். ஆனால் கட்டடப் பொறியாளரான என் நண்பர் வீட்டைப் பார்த்துவிட்டு, கூரைக் கம்பியில் துரு, சுவரில் ஓதம், எர்த் இல்லாத வயரிங், அடைத்துப்போன ஜி.ஐ. இரும்புக் குழாய், தெருவைவிட அரை அடி பள்ளத்தில் வாசல் என்று அடுக்குகிறார். சரிசெய்ய 12 லட்சம் ஆகுமாம். மாமாவிடம் இதைப் பேசினால் அம்மா சங்கடப்படுவார். அந்த 12 லட்சத்துக்கு பர்சனல் லோன் போடலாமா? ஏற்கெனவே மச்சானிடம் அவர் சொன்ன விலைக்கே வாங்கிய காருக்கு மாதம் 11,000 தவணை போகிறது. மாமாவுக்கு முன்பணமாக 3 லட்சம் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறேன்.

பதில்: போட வேண்டாம். வீட்டில் இருக்கும் கோளாறுகளைவிட, உங்கள் கடிதத்தின் கடைசியில் வரும் காரும் முன்பணமும்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மச்சான் சொன்ன விலைக்குக் கார், மாமா சொன்ன விலைக்கு வீடு. உறவுக்காரர் ஒரு தொகை சொன்னால் பேரம் பேசக் கூச்சப்பட்டு, அந்தக் கூச்சத்துக்குக் கடன் வாங்கி வட்டி கட்டுகிறீர்கள். கார் விஷயத்தில் அது மாதம் 11,000-த்தோடு நின்றது. வீட்டில் அப்படி நிற்காது.

உங்கள் திட்டத்தைத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். விலை 75 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 6.75 லட்சம். வங்கிக் கடன், சேமிப்பு, நகை மூன்றும் இதிலேயே தீர்ந்துவிடும். வீட்டுக் கடன் 54 லட்சத்துக்கு 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 46,900. பர்சனல் லோன் 12 லட்சத்துக்கு 13 சதவீதம், 5 வருடம் என்றால் 27,300. நகைக் கடனுக்கு வட்டி மட்டுமே மாதம் 5,000 பக்கம் வரும். கார் 11,000. மொத்தம் 90,200. மீதி 15,000-த்தில் நாலு பேர் சாப்பிட்டு, ஸ்கூல் ஃபீஸ் கட்டி, நகையையும் மீட்க வேண்டும். முடியாது. ஆறாவது மாதமே கிரெடிட் கார்டைத் தேய்க்கத் தொடங்குவீர்கள்.

வங்கி இன்ஜினீயர் ஓகே சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கொடுத்த கடனுக்கு சொத்து ஈடாக நிற்குமா, கட்டடத்தின் மிச்ச ஆயுள் கடன் காலத்தைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. குளியலறைக் கூரையைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க அவர் வரவில்லை. உங்கள் நண்பர் தட்டியிருக்கிறார், அவர் பேச்சைக் கேளுங்கள்.

அந்தப் பட்டியலில் பணத்தைத் தின்னப்போவது கூரைதான். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் கம்பிக்குக் கீழே போதுமான கனத்துக்கு கான்கிரீட் விடவில்லை. நாற்பது வருடத்தில் காற்றும் ஈரமும் கம்பியை எட்டிவிடும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கீழே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். முதலில் கம்பி போன வழியிலேயே நீளமாக ஒரு விரிசல் தெரியும். தட்டினால் 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம் வரும், பிறகு பெயர்ந்து விழும். வீட்டை விற்கும் நேரத்தில் பலர் அதன் மேல் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிடுவார்கள். சமையலறையிலும் குளியலறையிலும் மட்டும் பூச்சு புதிதாக இருந்தால் கவனியுங்கள். ஒழுங்கான வேலை என்றால், பொள்ளலான கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி கட்டி, அதற்குரிய கலவையால் மூட வேண்டும். அதை விட்டுவிட்டு, மொட்டை மாடியில் அடித்தால் பத்து வருட கியாரண்டி என்று விளம்பரத்தில் வரும் வாட்டர் ப்ரூஃப் பெயின்டை வாங்கி மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். மேலிருந்து இறங்கும் தண்ணீரை அது தடுக்கலாம். உள்ளே ஏற்கெனவே அரித்துக்கொண்டிருக்கும் கம்பிக்கு அது மருந்து இல்லை.

வயரிங்கையும் குழாயையும் மாற்றித்தான் ஆக வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் போட்டுப் பிள்ளைகளைக் குடிவைக்க முடியாது. வாசல் பள்ளம் வேறு கதை. தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் வந்தது அது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறோம் என்று யாராவது வருவார்கள். துருப்பிடித்த கூரையோடு இருக்கும் கட்டடத்தில் இப்போது அதைத் தொடவே வேண்டாம். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம், செப்டிக் டேங்க் எங்கே என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பழைய வீடுகளில் பின்னாளில் இழுத்துக் கட்டிய அறைக்கு அடியில் மூடி மாட்டிக்கொண்டிருக்கும். மாமாவிடமே கேளுங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். மனைக்கு 55 லட்சம் நியாயமாகவே இருக்கட்டும். இன்று அதே 1,000 சதுர அடியைப் புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,200 என்று வைத்தால் 22 லட்சம். கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் என்று போட்டால் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மிச்ச மதிப்பு 7 லட்சத்துக்கு மேல் தேறாது. ஆக 62 லட்சம். இன்னொரு வழியில், அவர் சொன்ன 75-ல் ரிப்பேர் 12-ஐக் கழித்தால் 63. கட்டடத்தின் தேய்மானம், ரிப்பேர் செலவு இரண்டையும் சேர்த்துக் கழிக்காதீர்கள், அது மாமாவுக்கு அநியாயம். ஏதாவது ஒன்றைக் கழித்தால் போதும்.

விலை 63 லட்சம் என்றால் கடன் 50 லட்சம், தவணை 43,400. மீதி 13 லட்சமும் பதிவுச் செலவு 5.7 லட்சமும் சேமிப்பிலிருந்து போகும், 3.3 லட்சம் அவசரத்துக்குக் கையில் நிற்கும். (அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகம் என்றால் பதிவுச் செலவு அதை வைத்துத்தான் வரும்.) கூரை, வயரிங், குழாய் மூன்றையும் முதலில் முடிக்க 8 லட்சம் என்று வைத்து, அதே வங்கியில் வீடு பழுதுபார்ப்புக் கடன் கேளுங்கள். பொறியாளரின் எஸ்டிமேட் கேட்பார்கள். 9 சதவீதம், 15 வருடம் என்றால் மாதம் 8,100. காரையும் சேர்த்து 62,500 கட்டினால் கையில் 42,500 மிஞ்சும். நகை வீட்டிலேயே இருக்கும். டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் கார் கடன் முடிந்த பிறகு.

மாமாவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். நண்பரையும் கூட்டிக்கொண்டு போய், மாமாவின் கண் முன்னாலேயே கூரையைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாற்பது வருடம் குடியிருந்தவருக்கு எங்கே ஒழுகும் என்று உங்களைவிட நன்றாகவே தெரியும். 'நானே ரிப்பேர் பண்ணிக் கொடுக்கிறேன்' என்பார். வேண்டாம், விலையில் குறையுங்கள் என்று கேளுங்கள். விற்கப்போகும் வீட்டுக்கு யாரும் கம்பி மாற்ற மாட்டார்கள். 65 லட்சத்துக்காவது இறங்கி வரவில்லை என்றால் வெளியாருக்கே விற்கச் சொல்லிவிட்டு வாடகை வீட்டிலேயே இருங்கள். உங்கள் சம்பளத்துக்கு அதுதான் தாங்கும்.

அந்த 3 லட்சத்தை இந்த வாரமே சரிசெய்யுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக விழலாம். மாமாவிடம் இதைச் சொல்லி, அந்தத் தொகையை ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகவே உங்கள் கணக்குக்குத் திரும்ப வாங்கிவிட்டு, விற்பனை ஒப்பந்தம் எழுதிய அன்று வங்கி வழியாகவே கொடுங்கள். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் 1 சதவீதத்தை வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்து அவருடைய பான் எண்ணில் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. இதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.