ஃபுல்ஹாம் பிராட்வேயில் இறங்காதீர்கள்

முழங்கால் வலியுள்ள அப்பாவுடன் லண்டனில் ஃபுல்ஹாம் கால்பந்து அணியின் மைதானமான கிரேவன் காட்டேஜுக்கு எதிரணி ரசிகராகப் போகிறேன், ஃபுல்ஹாம் பிராட்வேயில் இறங்கினால் பக்கமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் நண்பரே, அது செல்சீ மைதானத்துக்கான ஸ்டேஷன். பெயரை நம்பிப் பலர் அங்கே இறங்கிவிடுகிறார்கள். அதே டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, புட்னி பிரிட்ஜில் இறங்குங்கள்.

அங்கே ஒரே சிரமம், பிளாட்பாரத்திலிருந்து கீழே வரப் படிகள் உண்டு. அப்பாவைக் கைப்பிடி ஓரமாக, கூட்டத்தை முன்னே விட்டு இறக்குங்கள். பிறகு பிஷப்ஸ் பார்க் வழியே தேம்ஸ் கரையோரம் ஏற்றமில்லாத சமதளப் பாதை. சாதாரண நடையில் கால் மணி நேரம், அப்பாவுக்கு அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். வழி நெடுக மர வரிசை, உட்காரப் பெஞ்சுகள், இடப்பக்கம் ஆறு. இங்கிலாந்தில் மைதானத்துக்குப் போகும் நடைகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரிந்து இல்லை. பூங்கா முடியும் இடத்திலேயே மைதானத்தின் புட்னி எண்ட் என்ற பார்வையாளர் பகுதி. எதிரணி ரசிகர்களுக்கு அந்தப் பக்கம்தான், அதனால் சுற்ற வேண்டியதில்லை.

நேரமிருந்தால் ஸ்டீவனேஜ் ரோட்டில் 1905-இல் கட்டடக் கலைஞர் ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த மைதானத்தின் செங்கல் முகப்பை அப்பாவுக்குக் காட்டுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டேஷன் வாசலில் நெரிசல் இருக்கும். பூங்காவில் சற்று உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.