ஒரே விஷயத்துக்காகத் திரும்பத் திரும்ப ஜெபிப்பது விசுவாசக் குறைவா?

இல்லை. ஒருமுறை ஒப்படைத்ததை மறுபடியும் கேட்பது அவிசுவாசம் என்று சபையில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மத்தேயு 6-ஐ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் அங்கே இயேசு கண்டிப்பது வீண்வார்த்தைகளை அலப்புவதை. அதாவது நிறையப் பேசினால் காரியம் நடக்கும் என்ற நினைப்பை. அதே இயேசு, சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் மூன்று தடவை போய், மூன்றாம் தடவையும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26-ல் இருக்கிறது. அவருக்கா விசுவாசம் குறைவு?

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. லூக்கா 18-ல் நியாயாதிபதியிடம் ஓயாமல் போய் நியாயம் கேட்கும் விதவையைக் காட்டி, 'விடாமல் நச்சரித்தால் தேவன் இறங்கி வருவார்' என்று பிரசங்கிப்பார்கள். அந்த உவமையில் நியாயாதிபதி அநீதியுள்ளவன். தொந்தரவு தாங்காமல்தான் நியாயம் செய்கிறான். அப்படிப்பட்டவனே செய்யும்போது, தேவன் செய்யாமல் இருப்பாரா என்பதுதான் கேள்வி. தேவனை அந்த ஆளோடு ஒப்பிட்டால் உவமையே தலைகீழாகிவிடும்.

அப்படியானால் எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்? எனக்கு இது புரிந்தது, பிள்ளையில்லாமல் தவித்த அன்னாளிடம்தான் (1 சாமுவேல் 1). வருஷந்தோறும் தொழுதுகொள்ளச் சீலோவுக்குப் போகிறாள், வருஷந்தோறும் சக்களத்தியின் குத்தல் பேச்சு, சாப்பிடாமல் அழுகை. ஒருநாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள். குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்துவிடுகிறான். (ஆலயத்தில் அழுகிறவர்களை நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்!) விஷயம் தெரிந்ததும் சமாதானத்தோடு போகச் சொல்கிறான். அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் துக்கமுகமாய் இருக்கவில்லை. அவள் கேட்ட மகன் சாமுவேல் இன்னும் கருவிலேயே இல்லை! நிலைமை அப்படியே இருக்கிறது. பாரத்தை மட்டும் இறக்கி வைத்துவிட்டாள்.

என் தம்பி எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. 'அவனைப் பேச வையும்' என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது அவன் உடம்புக்காக, வேலைக்காக, பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறேன். இன்னும் பேசவில்லை. ஆனால் அவன்மேல் இருந்த கோபம் எப்போது போனதென்றே தெரியவில்லை. ஒரேயொரு தடவை கேட்டுவிட்டு எழுந்திருந்தால் இது நடந்திருக்காது.

எவ்வளவு காலம் கேட்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பவுல், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்கும்படி மூன்று தடவை வேண்டினார். கிருபை போதும் என்று பதில் வந்தது. அதன்பிறகு அதை எடுத்துவிடும் என்று கேட்டதாக அவர் எழுதவில்லை. 'இல்லை' என்ற பதில் தெளிவாக வந்தால் நிறுத்தலாம். வராதவரை கேளுங்கள். அலுத்துப்போய்விட்டது, வார்த்தை வரவில்லை என்றால் 13-ம் சங்கீதத்தை அப்படியே வாசியுங்கள். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று தாவீது நான்கு தடவை கேட்கிறார். அதுவும் ஜெபம்தான்.